உரையாசிரியர் இல்லாத கருவி

கணினித் தமிழ் நமக்குத் தந்த கலைச்சொற்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 'இயக்கி'. டிரைவர் என்று வழங்கும் சொல்லை எவரோ ஒரு தமிழன்பர் இவ்வாறு பெயர்த்து வைத்துவிட்டார். அவர் சிலப்பதிகாரத்தை நினைத்துக்கொண்டுதான் இதைச் செய்தார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கொரு மகிழ்ச்சி. அடைக்கலக் காதையில், மதுரையின் புறத்தே, ஆயர் முதுமகள் மாதரி பால் படைத்துவிட்டுத் திரும்பும் தெய்வத்தின் பெயரும் இயக்கிதான். அங்கே அது பெண் தெய்வம். இங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு நிரல். ஆயினும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முறையறிந்து படைக்காவிட்டால் காரியம் நடவாது.

கணினியை ஆளும் இயங்குதளம் உலகிலுள்ள அச்சுப்பொறி, ஒளிப்படக் கருவி, மோடம் ஆகிய அனைத்தின் பேச்சையும் அறிந்திருக்க இயலாது. ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறது. அந்த மொழியை இயங்குதளத்துக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வது இயக்கியின் பணி. தமிழ் இலக்கியம் படித்து, அதையே வகுப்பறையில் சொல்லிக் காலம் தள்ளிவரும் எனக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. மூலத்துக்கும் படிப்பவனுக்கும் நடுவே அமர்ந்து, அருஞ்சொல்லுக்குப் பொருள் கூறி, இரண்டையும் இணைத்து வைப்பவரை நாங்கள் உரையாசிரியர் என்போம். உரையாசிரியர் வாய்க்காததால் ஊமையாய்க் கிடந்த ஒரு சிறு கருவியைப் பற்றியும், அதற்கு உரை எழுத வந்தவர்களைப் பற்றியும் சொல்லத்தான் இக்கட்டுரை.

*

அந்தியூர், ஈரோட்டுக்கு வடமேற்கே பவானியைக் கடந்து பர்கூர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வெற்றிலைக்கும், ஆடி மாதத்தில் குருநாதசாமி தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர். கொங்கு நாட்டுக் குடியிருப்பு முறையை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். இங்கே பலர் ஊர் நடுவில் வீடு கட்டிக்கொள்வதில்லை. தோட்டத்துக்குள்ளேயே சாளை அமைத்துக் குடியிருப்பார்கள். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே மஞ்சள் வயலோ, கரும்புக் காடோ, வெற்றிலைக் கொடிக்காலோ கிடக்கும். உழவுக்கு ஏற்ற ஏற்பாடு. தொலைபேசிக் கம்பிக்கு ஏற்றதன்று.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் டேட்டாஒன் என்னும் பெயரில் அகலக்கற்றை இணையத்தைத் தொடங்கியது. அது செம்புக் கம்பியின் வழியே வந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் கம்பியில் வரும் குறிப்பலை மெலிந்து, பயனற்றதாகிவிடும். இது இயற்பியல், எவர் மேலும் குறைசொல்ல வழியில்லை. நிலையத்துக்கு அருகிலிருந்த கடைவீதிக்கு இணையம் வந்தது. தோட்டத்துச் சாளைகளுக்கு வரவில்லை. என் வீடும் அப்படி ஒரு தோட்டத்தில்தான் இருக்கிறது.

எங்களைப் போன்றோருக்காகவே வந்ததுபோல் வந்து சேர்ந்தது அந்தக் குச்சி. பென் டிரைவைவிடச் சற்றுப் பருத்தது. கணினியின் யுஎஸ்பி துளையில் செருகினால், செல்பேசிக் கோபுரத்தோடு பேசி இணையத்தைக் கொண்டுவந்து தரும். ஈரோட்டுக் கடைக்காரர்கள் அதை டேட்டா கார்டு என்றார்கள். நெட் கார்டு என்றார்கள். கொஞ்சம் படித்தவர்கள் டாங்கிள் என்றார்கள். ரிலையன்ஸ் நெட்கனெக்ட், டாடா ஃபோட்டான், எம்டிஎஸ் எம்பிளேஸ் ஆகியவை சிடிஎம்ஏ என்னும் முறையில் இயங்கின. 2009-இல் பி.எஸ்.என்.எல். 3ஜி சேவையைத் தொடங்கியது. 2010-இல் நடந்த அலைக்கற்றை ஏலத்துக்குப் பின் தனியார் நிறுவனங்களும் 3ஜி குச்சிகளோடு வந்தன. மேலே ஒட்டியிருந்த பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், உள்ளே இருந்தவற்றில் பெரும்பாலானவை சீனத்து ஹுவாவே, இசட்டிஇ ஆகிய இரண்டு நிறுவனங்கள் செய்தவை. குதிரைச் சந்தைக்குக்கூட வண்ணக் குடை விரித்து இவற்றை விற்க வந்திருந்தார்கள். லாடமும் சேணமும் விற்கும் கடைகளுக்கு நடுவே இணையமும் விலைக்குக் கிடந்தது.

*

இந்தக் குச்சிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதை விளங்கிக்கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

யுஎஸ்பி கருவி எதுவானாலும், செருகியவுடன் கணினி அதை நோக்கி 'நீ யார்' என்று கேட்கும். கருவி இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று செய்த நிறுவனத்தின் எண், மற்றது பொருளின் எண். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இயங்குதளம் தன்னிடமுள்ள இயக்கிகளில் பொருத்தமானது எது என்று தேடும். இது நேர்மையான வழக்கம். ஆனால் டேட்டா கார்டு முதல் கேள்விக்கு உண்மையான விடையைச் சொல்வதில்லை. தான் ஒரு மோடம் என்று அது சொல்லாது. 'நான் ஒரு சிடி டிரைவ். எனக்குள் ஒரு குறுவட்டு இருக்கிறது' என்று சொல்லும்.

இதில் வஞ்சகம் ஏதுமில்லை. வணிகத்தின் சாமர்த்தியம்தான் இருந்தது. மோடத்துக்கு வேண்டிய இயக்கியைத் தனியே ஒரு வட்டில் பதிந்து கொடுத்தால் செலவு; வாங்குபவர் அதைத் தொலைத்தும் விடுவார். எனவே குச்சிக்குள்ளேயே சிறு நினைவகம் வைத்து, அதில் விண்டோஸுக்கான இயக்கியையும் இணைப்பு மென்பொருளையும் நிரப்பி, அதைக் குறுவட்டு போல வேடமிட்டுக் காட்டினார்கள். செருகியவுடன் விண்டோஸ் அந்த வட்டைத் திறக்கும். மென்பொருள் தானே நிறுவிக்கொள்ளும். நிறுவி முடித்ததும் குச்சிக்கு ஒரு கட்டளையை அனுப்பும். அதைக் கேட்டவுடன் குறுவட்டு மறைந்து, குச்சி தன்னை மறுபடி அறிமுகம் செய்துகொள்ளும், இம்முறை மோடமாக. ஹுவாவே குச்சிகள் பலவற்றில் வேடத்தில் இருக்கும்போது சொல்லும் பொருள் எண் 1446. வேடம் கலைந்தபின் சொல்வது 1001. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்.

அந்தக் கட்டளை சில குச்சிகளில் 31 பைட்டு நீளமுள்ள ஒரு செய்தி. 55 53 42 43 என்று அது தொடங்கும். எழுத்தாகப் படித்தால் யு, எஸ், பி, சி. அடுத்து வருவது 12 34 56 78. இரகசியத்தின் நடுவே ஒன்று, இரண்டு, மூன்று என்று திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்வரிசை இருப்பதை முதன்முதல் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு சில குச்சிகளுக்கு அதுகூட வேண்டாம். 'வட்டை வெளியே தள்ளு' என்று, உண்மையான சிடி டிரைவுக்கு இடும் கட்டளையை இட்டாலே வேடத்தைக் கலைத்துவிடும்.

இத்தனையும் விண்டோஸ் உள்ள கணினிக்கு மட்டும் ஏற்பட்ட உடன்பாடு. மற்ற இயங்குதளங்களுக்கு என்ன செய்வது? மாக் கணினிக்குச் சில நிறுவனங்கள் மென்பொருள் தந்தன. லினக்ஸுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. லினக்ஸ் கணினியில் செருகினால், அது குச்சி சொன்னதை அப்படியே நம்பி, திரையில் ஒரு குறுவட்டின் படத்தைக் காட்டிவிட்டு அமைதியாகிவிடும். அதன் பார்வையில் எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

*

லினக்ஸ் என்பது நகரத்து வல்லுநர்களின் பொழுதுபோக்கு, நம் ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அப்படிக் கேட்க முடியாத ஒரு காலம் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதலான முதல் தொகுதிக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றது சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளின் கையில், அவர்கள் கேட்காமலேயே, லினக்ஸ் வந்து சேர்ந்தது. எங்கள் பகுதியில் பல வீடுகளில் அதுதான் முதல் கணினி.

அக்கணினிகளின் லினக்ஸ் பாதியை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று என்னைக் கேட்டால், என் வகுப்பளவில் மிகச் சிலர் என்பேன். அதற்குச் சோம்பல் காரணமன்று. இணையம் வராத கணினியில் அவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. இணையத்துக்கு டேட்டா கார்டு ஒன்றுதான் வழி. டேட்டா கார்டோ லினக்ஸ் பக்கம் போனால் குறுவட்டாகவே இருந்துவிடும். கடையில் கேட்டால், "அந்தப் பாதியை அழிச்சுட்டா இடமாவது மிச்சமாகும்" என்றார்கள். அழித்தும் கொடுத்தார்கள்.

2012 கோடையில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். மின்வெட்டு தமிழ்நாட்டை வாட்டிய ஆண்டு அது. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இராது. எப்போது வரும், எப்போது போகும் என்ற கணக்கும் இராது. அந்தச் சமயத்தில்தான் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்கினார்கள். தேர்வு நடந்தது 2012 ஜூலை 7-இல்; எழுதியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஒருத்தியாக இருக்க விரும்பினாள் என் மாணவி ஒருத்தி. இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு. அவள் தந்தை கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலைக்குப் போகிறவர். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் அவளுக்கு முன் எவருமில்லை.

அந்தியூர் கடைவீதியில் இரண்டு நாள் அலைந்திருக்கிறாள். மின்சாரம் இருக்கும் நேரத்தில் பிரவுசிங் சென்டரில் வரிசை. வரிசை வந்து சேரும் நேரத்தில் மின்வெட்டு. மூன்றாம் நாள் மாலை மங்கும் நேரத்தில், தந்தையின் மொபெட்டில் பின்னால் அமர்ந்து, மடியில் அரசு தந்த மடிக்கணினியோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். "நாளைக்கு ராத்திரியோட முடியுதுங்கய்யா" என்றாள். என் மேசைக் கணினி மின்சாரமின்றி உறங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் டேட்டா கார்டு இருந்தது. அவளிடம் மின்கலத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சார்ஜ் இருந்தது. இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

அவளுடைய கணினியின் விண்டோஸ் பாதி, எவரெவர் பென் டிரைவிலிருந்தோ ஏறிய வைரஸால் படுத்துவிட்டிருந்தது. லினக்ஸ் பாதி நலமாக எழுந்து வந்தது. குச்சியைச் செருகினேன். திரையில் ஒரு குறுவட்டின் படம் தோன்றியது. அதைத் திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான கோப்புகள் வரிசையாக நின்றன. நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கு வேண்டாம்; அந்நாளில் எல்லாருடைய குச்சிக்கும் குணம் ஒன்றுதான். மறுமுனையில் பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த இயங்குதளத்துக்கு டிரைவர் இல்லை என்றார்.

நான் அதைத் திரும்பச் சொன்னபோது, திண்ணையில் அமர்ந்திருந்த தந்தை நிமிர்ந்தார். "ஏனுங் சார், டிரைவருக்கா பஞ்சம்? சங்ககிரிப் பக்கம் போனா வூட்டுக்கு ரெண்டு டிரைவர் இருக்கறாங்களே" என்றார். லாரிகளுக்குப் பேர்போன ஊர் சங்ககிரி. அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்த களைப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

லினக்ஸில் இதற்கு மருந்து இல்லாமலில்லை. ஆனால் அந்த மருந்து இணையத்தில் இருந்தது. இணையம் வர மருந்து வேண்டும். மருந்து வர இணையம் வேண்டும். கோவையில் மென்பொருள் வேலையிலிருந்த பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, அந்த சிடி படத்து மேல ரைட் கிளிக் பண்ணி, எஜெக்ட் குடுங்க. குடுத்துட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணாம இருங்க."

கொடுத்தோம். படம் மறைந்தது. குச்சியிலிருந்த விளக்கு ஒருமுறை அணைந்து வேறு நிறத்தில் எரிந்தது. அரை நிமிடம் கழிந்து, திரையின் மூலையில் மொபைல் பிராட்பேண்ட் என்ற வரி புதிதாகத் தோன்றியது. நாடு இந்தியா, நிறுவனம் இன்னது என்று பட்டியலிலிருந்து தெரிவு செய்ததும் இணைப்பு விழுந்தது. இணையம் எறும்பு ஊர்வதுபோல் வந்தது, ஆனால் வந்தது. புகைப்படம் ஏற மூன்று முறை முயல வேண்டியிருந்தது. இரவு பத்தரை மணியளவில், மின்கலத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு மிஞ்சியிருந்தபோது, பதிவு எண் திரையில் வந்தது. அவள் அதைத் தன் நோட்டில் இரண்டு இடங்களில் எழுதிக்கொண்டாள்.

அவள் அந்த ஆண்டு தேர்ச்சி பெறவில்லை. ஆனால் தேர்வெழுதித் தோற்றாள். விண்ணப்பிக்க முடியாமல் தோற்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, குடும்பத்தில் முதலாவதாகப் படித்து வந்தவர்களுக்குத் தெரியும்.

*

அடுத்த வாரம் அந்தப் பழைய மாணவர் ஊருக்கு வந்தபோது ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தார். அதில் நாலைந்து சிறு கோப்புகள் இருந்தன. ஒரு பாட்டின் அளவுகூட இல்லை. அவற்றில் முதன்மையானதன் பெயர் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச். ஒவ்வொரு குச்சிக்கும் அதன் வேடத்தைக் கலைக்கும் சொல் எது என்று அறிந்து, செருகியவுடன் அதைத் தானே சொல்லிவிடும் நிரல். என் வகுப்பில் டேட்டா கார்டு வைத்திருந்த பிள்ளைகள் அனைவரின் கணினியிலும் அதை ஏற்றினோம்.

இதை எழுதியவர் யார் என்று தேடினேன். ஜெர்மனியைச் சேர்ந்த யோசுவா டீட்ஸே. 2007 முதல் இதை எழுதிப் பேணி வந்திருக்கிறார். குச்சிகளைச் செய்த நிறுவனங்கள் அந்தச் சொற்களை வெளியிடவில்லை. விண்டோஸ் கணினிக்கும் குச்சிக்கும் நடுவே ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்டு, எந்தச் செய்திக்குப் பின் வேடம் கலைகிறது என்று கண்டறிய வேண்டும். உலகின் பல மூலைகளிலிருந்தும் தம்மிடமிருந்த குச்சியின் எண்களையும் சொல்லையும் பலர் எழுதி அனுப்ப, அவர் அவற்றைத் தொகுத்தார். தொகுத்ததைக் கட்டற்ற மென்பொருளாக எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்.

வேடம் கலைந்தபின் மோடத்தோடு பேசுவது வேறொரு இயக்கி. அதன் பெயர் ஆப்ஷன். பெல்ஜியத்தில் அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது. அது செய்த 3ஜி அட்டைக்காக மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் 2005-இல் எழுதியது. பின்னர் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் அந்த நிரலிலுள்ள பட்டியலில் ஒவ்வொரு வரியாகச் சேர்ந்தது. ஹுவாவே, இசட்டிஇ முதலியவற்றின் எண்கள் நூற்றுக்கணக்கில் இன்று அதில் இருக்கின்றன. பெயர் மட்டும் பழைய பெயர். இதுவும் நமக்குப் பழக்கமானதே. எட்டுத்தொகையின் பாடல்களைப் பாடியவர்கள் பலர். நூலின் பெயரோ ஒன்று.

குச்சிக்குள் புகுந்து கேட்டால் இன்னும் பழைய குரல் ஒன்று கேட்கும். அந்த மோடங்கள் எல்லாம் ஏடி என்று தொடங்கும் கட்டளைகளுக்குத்தான் விடை சொல்லும். ஏடி என்பது கவனி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்து. 1981-இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம், நொடிக்கு 300 பிட்டு வேகத்தில் தொலைபேசிக் கம்பியில் பேசும் மோடத்துக்காக வகுத்த வழக்கு அது. கம்பியே இல்லாத கருவியும் இணையத்தோடு சேர ஒரு தொலைபேசி எண்ணைச் சுழற்றுவதுபோல் நடிக்க வேண்டும். சிடிஎம்ஏ குச்சிக்கு அந்த எண் #777. ஜிஎஸ்எம் வகைக்கு *99#. மறுமுனையில் எடுப்பார் எவருமில்லை. வழக்கு வீழாமல் நிற்கிறது; அவ்வளவுதான். இலக்கணம் படித்தவர்கள் இதை மரபு என்பார்கள்.

*

உரை பற்றிச் சொன்னேன். அதை இனி விரிக்கலாம்.

புறநானூற்றை வகுப்பில் நடத்துவோர் அனைவரும் உணர்ந்த ஓரிடம் உண்டு. அதன் பழைய உரை முதல் 266 பாடல்களுக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது. அதுவரை ஒருவர் கைபிடித்து அழைத்து வருகிறார். அதற்கப்பால் நாமே தடவித் தடவி நடக்க வேண்டும். கிடைத்த உரை நிற்கும் அந்த இடத்தில் மூலமும் சிதைந்திருக்கிறது. 267, 268 ஆகிய இரு பாடல்களும் இன்று இல்லை. குறுந்தொகைக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. 380 பாடல்களுக்குப் பேராசிரியரும், எஞ்சிய 20-க்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதியதாகச் செய்தி இருக்கிறது. இரண்டில் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. மூலம் மிஞ்சியது, உரை போயிற்று.

நிறுவனம் தந்த இயக்கியின் நிலை இந்தக் குறுந்தொகை உரையின் நிலை. அது மூடிய உரை. எழுதிய நிறுவனத்திடம் மட்டுமே அதன் மூலநிரல் இருக்கும். இதனால் துன்புற்றவர்கள் லினக்ஸ்காரர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். எக்ஸ்பி-க்காக எழுதிய இயக்கி, விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் வந்த 64 பிட்டு இயங்குதளத்தில் ஏறாது. அங்கே கையொப்பமிட்ட புதிய இயக்கி வேண்டும். எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நின்றது. புதிய கணினி வாங்கியவர்கள் பழைய குச்சியைச் செருகிவிட்டு, அதே குறுவட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அதற்குள் அடுத்த குச்சியை விற்கப் போயிருக்கும். குச்சி கெட்டுப்போகவில்லை, கோபுரத்தோடு பேசும் திறமை அதற்குள் அப்படியே இருந்தது. அதோடு பேசத் தெரிந்தவர்தாம் இல்லை.

இந்தச் சிக்கலை உலகம் உணராமலில்லை. கருவிக்கொரு மொழி என்று வேண்டாம், எல்லா மோடங்களுக்கும் பொதுவாக ஒரு மொழி வகுப்போம் என்று 2011-இல் எம்பிம் என்னும் தரம் வெளியிடப்பட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதற்கான இயக்கியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. லினக்ஸிலும் அது சேர்ந்தது. சில நிறுவனங்கள் வேறு வழியில் போய், குச்சியைச் சிறியதொரு நெட்வொர்க் கருவியாகவே மாற்றிவிட்டன. அதற்குத் தனி இயக்கி வேண்டுவதில்லை. நல்ல தீர்வுகள்தாம். ஆனால் விற்று முடிந்த பழைய குச்சிகளுக்கு அவை உதவவில்லை. அவற்றின் வாழ்நாளை நீட்டியவை அந்தத் திறந்த பட்டியல்களே.

பிறகு குச்சிகளின் காலமே முடிந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின், செல்பேசியையே மோடமாக்கிக்கொள்ளும் பழக்கம் எங்கள் தோட்டங்கள் வரை பரவியது. எம்டிஎஸ் 2017-இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணைந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அந்த நிறுவனத்தின் பழைய செல்பேசிச் சேவையும் நின்றது. டாடாவின் செல்பேசித் தொழில் 2019-இல் ஏர்டெலிடம் போயிற்று. #777 என்று சுழற்றினால் கேட்க இன்று இந்நாட்டில் கோபுரம் இல்லை.

இங்குதான் உரையின் இன்னொரு பயன் எனக்குத் தோன்றுகிறது. யாப்பருங்கல விருத்தியுரையைப் புரட்டியவர்கள் அறிவார்கள்: அதில் மேற்கோளாக வரும் நூல்கள் பலவற்றின் பெயரும் சில அடிகளும் மட்டுமே நமக்குத் தெரியும், நூல்கள் மறைந்துவிட்டன. உரை அவற்றின் கல்வெட்டாக நிற்கிறது. லினக்ஸின் ஆப்ஷன் இயக்கியைத் திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. செய்த நிறுவனம் மறந்த கருவி, விற்ற நிறுவனம் மறைந்த கருவி, பேசுவதற்குக் கோபுரமே இல்லாத கருவி என எல்லாம் அங்கே வரிசையாக, எண்ணும் குறிப்புமாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் குச்சியை இன்று எவரேனும் செருகினாலும் அந்த இயக்கி அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

*

இதையெல்லாம் ஒரு தமிழாசிரியன் எதற்காக எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பொருளை விலைகொடுத்து வாங்குகிறோம். ஆனால் அதோடு பேசும் சொல்லை நம்மிடம் தருவதில்லை. சொல் விற்றவரிடமே இருக்கிறது. அவர் கடையை மூடும் நாளில் நம் கையிலுள்ளது வெறும் பிளாஸ்டிக். டேட்டா கார்டோடு இது முடிந்துவிடவில்லை. ஓய்வூதியர் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றுக்காக விரல் வைக்கும் கருவிக்கும், வீட்டிலுள்ள அச்சுப்பொறிக்கும் இதே கேள்வி பொருந்தும். கடைசி நாளுக்கு முந்தைய மாலையில், மின்சாரமில்லாத ஊரில், அது ஒரு பெண்ணின் விண்ணப்பமாக வந்து நிற்கும்.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு சேர்த்துத்தான் பதிப்பித்தார். மூலத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் வேலை எளிதாய் முடிந்திருக்கும். உரையில்லாமல் அந்நூலைத் தம் காலத்தார் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கருவி விற்போரிடமும் நாம் கேட்கத்தக்கது அவ்வளவே: மூலத்தோடு உரையையும் தாருங்கள், நீங்கள் தர விரும்பாவிட்டால், எழுத விரும்புவோரைத் தடுக்காதீர்கள்.

தமிழிலும் இவ்வகை உழைப்பு நடந்துவருகிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழிலேயே எழுதத் தொடங்கியது. அக்கட்டுரைகளை அச்செடுத்து என் வகுப்புப் பலகையில் ஒட்டிவைத்த காலம் ஒன்றிருந்தது. தமிழ் படிக்கும் பிள்ளைகள் அவற்றை நின்று படித்தார்கள். கலைச்சொல் ஆக்கத்துக்கு எடுத்துக்காட்டாக நான் ஒட்டினேன். அவர்களோ கணினியைச் சரிசெய்வதற்காகப் படித்தார்கள். இரண்டும் நடந்தன.

லினக்ஸ் கருநிரலின் ஒவ்வொரு புதிய வெளியீட்டையும் ஒட்டி, ஆப்ஷன் இயக்கியின் பட்டியலில் இன்றும் புதிய வரிகள் சேர்கின்றன. 4ஜி, 5ஜி மோடங்கள் அவை. நாங்கள் கண்டிராத நிறுவனங்களின் பெயர்கள். சேர்ப்பவர் பெரும்பாலும் நம்மால் அறியப்படாத ஒருவர். தம் மேசை மேலிருந்த ஒரு கருவி பேசவில்லை என்பதற்காக இரண்டு எண்களை எழுதி அனுப்பியவர். அதன் கீழே பழைய வரிகளை எவரும் அழிக்கவில்லை.